தவளைக்கு ஐந்து கட்டம்

ஜூன் 3, செவ்வாய்

வெயில். கத்திரி முடிந்து ஒரு வாரம் என்பது காலண்டருக்கு மட்டும்தான் தெரியும் போல.

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. ஜெராக்ஸ் கடையில் நிற்க இடமில்லை. டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், எல்லாம் மூன்று மூன்று காப்பி. ஒரு அம்மா, "பாப்பா போட்டோவுல காது வெட்டிடுச்சி, வேற எட்து குடு" என்று சண்டை. ஒரிஜினலிலேயே காது இல்லை. காட்டினேன். அப்போதும் மிஷின் மேல்தான் சந்தேகம்.

வாங்க: டோனர். லேமினேஷன் கவர். இவருக்கு மாத்திரை (வெள்ளை, மஞ்சள் இரண்டும்). எலுமிச்சை.

ஐந்து மணிக்குக் கடையைப் பாதி சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து செஸ். பத்து நிமிஷம் கூட ஓடவில்லை. என் பிஷப் அவருடைய இடது மூலையிலிருந்து கிளம்பி வலப்பக்கம் இருந்த ராணியை வெட்டியது. இவர் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கேர்ந்து வந்துச்சி இது?"

"அங்கதாங்க இருந்துச்சி, மொதல்லேர்ந்து."

"இல்ல. நீ நடுவுல வெச்சிட்ட. கள்ளாட்டம் ஆடற."

இருபத்து மூன்று வருஷத்தில் அந்த வார்த்தை சொன்னதில்லை. வலது கையால் காய்களைத் தள்ளிவிட்டார். வலப்பக்கக் காய்கள் மட்டும் விழுந்தன.

பங்குனியில் இவருக்கு மூளையின் வலப்பக்கம் ரத்தம் அடைத்தது. பேச்சு கொஞ்சம் குழறல், ஆனால் வந்துவிட்டது. கைத்தடி வைத்து நடக்கிறார். வராதது இடப்பக்கம். கண்ணில் கோளாறு இல்லையாம். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுப்பதில்லையாம். தட்டில் வலப்பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு "அவ்ளோதானா?" என்கிறார். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியைச் சாப்பிடுகிறார். சவரம் வலக்கன்னம் மட்டும். டாக்டர் எத்தனை முறை சொல்லியும் நம்பவில்லை. "எனக்கு இன்னா? கால் சரியானா டூட்டிக்குப் போக வேண்டியதுதான்." பஸ் டிரைவர், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்.

எனக்குச் செஸ் கற்றுக்கொடுத்தவரும் இவர்தான். நான் ஜெயித்ததை விரல் விட்டு எண்ணலாம். "வண்டி ஓட்டறவன் பத்து வண்டி தள்ளிப் பாக்கணும். வளரு, உனக்கு கிட்டப்பார்வ. மூக்குக்கு முன்னால இருக்கறதுதான் தெரியும்" என்று கேலி செய்வார். எரிச்சலாக இருக்கும். அந்தக் கேலியை இப்போது யாராவது செய்தால் தேவலை.

தூரத்துக் காய்களை எடுத்துவிட்டால்? பக்கத்தில் இருப்பது மட்டும் வெட்டும் என்று வைத்தால் எதுவும் எங்கிருந்தோ வராது அல்லவா.


ஜூன் 5, வியாழன்

காலையில் கரண்ட் இல்லை, பதினொன்றுக்குத்தான் வந்தது. அதற்குள் நோட்டில் போட்டது:

போர்டு 6 × 6. எட்டு வேண்டாம், அகலம்.
நத்தை – நேராக ஒரு கட்டம்.
பூனை – மூலைவாட்டில் ஒரு கட்டம்.
நண்டு – பக்கவாட்டில் இரண்டு வரை, முன்னால் ஒன்று. (பொம்மையார்பாளையம் கடற்கரையில் போன வருஷம் இவர் துரத்திய நண்டு.)
தவளை – மூலைவாட்டில் இரண்டாவது கட்டத்துக்குத் தாவும். நடுவில் யார் இருந்தாலும் கவலையில்லை.
ராஜா, சிப்பாய் பழையபடி.
யானை, குதிரை, பிஷப், ராணி கிடையாது. பாவம், ராணியும்.

ஒரு பக்கத்துக்கு இரண்டு தவளை, மூலைக்கு ஒன்று. நடுவில் மற்றது ஒவ்வொன்று, முன்வரிசையில் சிப்பாய். கடையில் போர்டை அச்சடித்து லேமினேட் செய்தேன். காய்க்கு சோடா மூடி, மேலே ஸ்டிக்கரில் படம். நத்தைப் படம் சிறிதாக்கினால் செருப்பு மாதிரி இருக்கிறது.

போர்டை இவருக்கு வலப்பக்கம் நன்றாகத் தள்ளி வைத்து, நானும் வலப்பக்கமே உட்கார்ந்தேன். முழு ஆட்டம் ஆடினார். பங்குனிக்குப் பிறகு முதல் முறை. "இன்னா இது, கொழந்த வெளையாட்டு" என்றார். ஆனாலும் எழுந்து போகவில்லை.

மூன்று ஆட்டம். மூன்றிலும் நான் ஜெயித்துவிட்டேன். வேண்டுமென்றே இல்லை. கிட்டத்தில் இருப்பதுதான் எனக்கு நன்றாகத் தெரியுமே. இவருக்காகச் செய்த ஆட்டம் எனக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது. பத்து வண்டி தள்ளிப் பார்க்கிறவருக்கு இரண்டு கட்டத்தில் என்ன வேலை?

நாளை: நண்டுக்கு முன்னால் போகும் நகர்வு வேண்டாம்? யோசி.


ஜூன் 7, சனி

கோட்டக்குப்பத்திலிருந்து இஸ்மாயில் அண்ணன் வந்தார். இவரோடு ஒரே பஸ்ஸில் ஒன்பது வருஷம் கண்டக்டர். பிரியாணி டப்பா கொண்டு வந்திருந்தார். மாம்பழமும்.

புது ஆட்டம் ஆட வைத்தேன். அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டே, "தங்கச்சி, இந்தத் தவள பெரிய பேஜாரு. தாவிக்கினே இருக்குது, ஒண்ணும் வெட்ட மாட்டேங்குது" என்றார். உடனே தோற்றுப்போனார். இவருக்கு மகிழ்ச்சி. அண்ணன் விட்டுக்கொடுத்தார் என்று எனக்குத் தெரியும். அவருக்கு நடிக்கத் தெரியவில்லை, வெட்டுப்படும் முன்பே "அய்யோ" என்கிறார்.

போகும்போது இவர்: "டிப்போவுல சொல்லு. ஆடி மாசம் வந்துடுவேன்."

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம். "வா வா. நீ இல்லாம புது டிரைவரு ஸ்பீடு பிரேக்கர்லயும் வண்டிய பறக்க உடறான்" என்றார். வாசலில் என்னைப் பார்த்தபோது கண் கலங்கியிருந்தது. நான் டப்பாவைக் கழுவிக் கொடுக்க மறந்துவிட்டேன்.


ஜூன் 10, செவ்வாய்

விழுப்புரம், பிசியோதெரபி. காலை 8.20 பஸ். இவருக்கு முன் சீட் வேண்டும். டிரைவர் தெரிந்தவர், "வாங்கண்ணே" என்று வணக்கம். வழி முழுக்க இவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. பிரேக். பைபாஸில் இடப்பக்கமிருந்து வேர்க்கடலை மூட்டையோடு ஒரு மல்லாட்டை டிராக்டர் உள்ளே நுழைந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார், நான் கம்பியைப் பிடித்தேன், பஸ்ஸே மூச்சைப் பிடித்தது. இவர் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அப்போது கால் அழுத்தவில்லை.

ஹேமா மேடம் சின்னப் பெண்தான். பிசியோ, கை கால் தவிர இந்த இடப்பக்கக் கோளாறையும் அவள்தான் பார்க்கிறாள். செஸ் விஷயத்தைப் பெருமையாகச் சொன்னேன். போனில் போட்டோ கூடக் காட்டினேன்.

"போர்டு ஏன்க்கா இவ்ளோ வலப்பக்கம் இருக்கு?"

"அப்பதான் அவருக்குத் தெரியுது."

"தட்டு?"

"திருப்பி வெச்சிடறேன்."

"நீங்க எந்தப் பக்கம் ஒக்கார்றீங்க?"

போனைப் பைக்குள் போட்டேன். அவளுக்கே தெரிந்துவிட்டது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாத்தையும் நீங்களே வலப்பக்கம் கொண்டாந்து குட்த்துக்கினு இருந்தா, அந்தப் பக்கம் திரும்பணும்னு அவருக்கு எதுக்குத் தோணும்? மூணு மாசம் போயிடுச்சி. இன்னும் நாளாச்சின்னா அப்படியே நின்னுடும். இனிமே எல்லாம் இடப்பக்கம். பேசறதும் இடப்பக்கம். தேடட்டும். அவரே தேடணும்."

ஆக நான் நண்டு தவளை எல்லாம் செய்து, அச்சடித்து, லேமினேட் போட்டு, இவரை இன்னும் குருடாக்கிக்கொண்டிருந்தேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் இவர் ஒரு காபி கேட்டார். டம்ளரை இடக்கைப் பக்கம் வைத்தேன். ஆறிப்போகும் வரை "காபி வரலியா" என்று மூன்று முறை கேட்டார். நான்காவது முறை வலப்பக்கம் நகர்த்திவிட்டேன். முடியவில்லை.


ஜூன் 12, வியாழன்

டோனர் வந்தது. கலர் சரியில்லை.

போர்டை நேர் எதிரே வைத்தேன், கொஞ்சம் இடப்பக்கமாக. நானும் இடப்பக்கம் உட்கார்ந்தேன். போர்டின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டச் சொல்லியிருக்கிறாள் ஹேமா மேடம். "சிவப்பு தெரியற வரைக்கும் தலைய திருப்புங்க" என்று சொல்ல வேண்டும்.

சொன்னேன். "செவப்பு எங்க இருக்கு?" என்றார். எத்தனை முறை. வலது மூன்று வரிசையில் மட்டும் ஆடினார். இடப்பக்கம் என் பூனை உள்ளே போய் ராஜாவுக்குச் செக். "செக்குங்க." "எது?" "பூனை." "பூனையே கெடையாது." "இருக்குங்க." "வளரு, உனக்கு இன்னா ஆச்சி?"

கத்திவிட்டேன். "எனக்கு ஒண்ணும் ஆவல, உங்களுக்குத்தான் பாதி ஒலகம் தெரியல" என்று. பக்கத்து வீட்டு டி.வி. சத்தம் குறைந்தது. கேட்டிருப்பார்கள்.

இவர் கோபப்படவில்லை. வலப்பக்கம் திரும்பி, நான் அங்கே உட்கார்ந்திருப்பதாக நினைத்து, காலி நாற்காலியிடம் "சரி வுடு, சாப்டலாம்" என்றார்.

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர் வீண்.


ஜூன் 15, ஞாயிறு

மதியம் நாலு தூறல். புழுக்கம் அதிகமானதுதான் மிச்சம். கடை லீவு. மல்லாட்டை வேகவைத்தேன், ஓட்டோடு.

ஹேமா மேடம் போனில் சொன்னது: ஆட்டம் வேண்டாம், ஒரே ஒரு காயை வைத்து எங்கெல்லாம் போகும் என்று கேளுங்கள். தவளையை நடுவில் வைத்தேன். அவர் சொல்லும் கட்டத்தில் ஒரு மல்லாட்டை வைப்பேன், இதுதான் ஏற்பாடு.

"இங்க." வைத்தேன். "இங்க." வைத்தேன். இரண்டும் வலப்பக்கம்.

"அப்புறம்?"

பார்த்தார். நெற்றி சுருங்கியது. பழைய முகம், ஆட்டத்தில் யோசிக்கும்போது வருமே, அது. விரலால் காற்றில் ஏதோ எண்ணினார்.

"நாலு தாவு இருக்கணும் வளரு. மூல நாலு தான? ரெண்டுதான் இருக்கு."

"தேடுங்க."

"போர்டு தப்பா அட்ச்சிருக்க. பாதிதான் பிரிண்ட் ஆயிருக்குது. டோனர் தீந்துடுச்சா?"

காது வெட்டுப்பட்ட போட்டோவும் அந்த அம்மாவும் நினைவுக்கு வந்தார்கள். சிரிப்பு வரவில்லை.

போர்டை அப்படியே அரைவட்டம் திருப்பினேன். இப்போது அவர் கண்ணுக்குக் காலிக் கட்டங்கள் வந்தன. "ஆங், இதோ இருக்குதே. மல்லாட்டைய ஏன் எடுத்துட்ட?"

"எடுக்கலங்க."

அவருடைய வலது கையைப் பிடித்து இடப்பக்கம் கொண்டுபோனேன். போர்டின் மேலேயே, மெதுவாக. விரல் மல்லாட்டையில் பட்டது. ஒன்று. அப்புறம் இன்னொன்று. ஓட்டோடு விரலால் உருட்டிப் பார்த்தார். கண் இன்னும் வலப்பக்கமே.

அப்புறம் அவரே போர்டைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். ஏழெட்டு முறை இருக்கும். ஒவ்வொரு தடவையும் கையால் துழாவிப் பார்த்தார்.

கடைசியில், "அன்னைக்கு பிஷப்பு... அங்கதான் இருந்துச்சா?"

"ஆமாங்க."

போய்ப் படுத்துக்கொண்டார். மணி நாலரைதான். மல்லாட்டை ஒரு சட்டி, தொடுவாரில்லை.


ஜூன் 16, திங்கள்

இவருக்குக் காலையில் கேப்பைக் கஞ்சி பாதி. இந்தப் பாதி வேறு பாதி, பசியில்லாத பாதி.

கடைக்குக் கிளம்பும்போது கண்ணாடி கேட்டார். கொடுத்தேன். சவரம் செய்யாத கன்னத்தைக் கையால் தடவியபடி, "இப்டியேவா இஸ்மாயிலு முன்னால ஒக்காந்திருந்தேன்?"

"ரெண்டு நாள் தாடிதாங்க."

பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். முன்பு தெரியாமல் இருந்தபோது நான் தவித்தேன். இப்போது தெரிந்துவிட்டது, அதற்கும் தவிக்கிறேன். எது வேண்டும் எனக்கு?

கடையில் ஒருவர் ரெசிடென்ஸ் சர்ட்டிபிகேட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். வல்லம் பக்கம். போன் நம்பர் இல்லை.

சாயங்காலம் வரும்போது போனில் பேசிக்கொண்டிருந்தார். "இல்ல இஸ்மாயிலு. ஆடிக்கும் வரல, ஆவணிக்கும் வரல. இடப்பக்கத்துல டிராக்டர் வந்தா எனக்குத் தெரியாது. நாப்பது ஜனம் ஒக்காந்திருப்பாங்க." அந்த டிராக்டரைப் பற்றி நான் அவரிடம் சொல்லவே இல்லை. அன்று பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நானும் டிரைவரும் பேசியதைக் கேட்டிருப்பார்.

வாசலில் நின்றேன், உள்ளே போகவில்லை. செருப்போடு அப்படியே.


ஜூன் 18, புதன்

காற்று மாறியிருக்கிறது. மொட்டை மாடித் துணி பக்கத்து வீட்டில்.

இவரே போர்டை எடுத்து வைத்திருந்தார். சிவப்பு டேப்பை விரலால் தடவித் தெரிந்துகொண்டு அந்தப் பக்கத்தைத் தனக்கு இடப்பக்கமாக வைத்திருக்கிறார்.

"வளரு, உன் தவள எதுக்கும் உதவாது."

"ஏன்?"

"ஒரு தவளைக்கு அஞ்சே அஞ்சு கட்டம்தான். எத்தன வருசம் தாவுனாலும் அந்த அஞ்சுதான். நாலு மூலையும் நடுவுல ஒண்ணும். நாலு தவளைக்கும் வேற வேற அஞ்சு. ஒண்ண ஒண்ணு பாக்கவே பாக்காது. ராஜா வீட்டுலயே ஒக்காந்திருந்தா ஒரு தவளையும் தொட முடியாது. ரெண்டு வாரமா ஆடற, கவனிக்கல?"

கவனிக்கவில்லை. போட்டுப் பார்த்தேன். சரியாக அப்படியே. முப்பத்தாறில் பதினாறு கட்டத்தில் எந்தத் தவளையும் கால் வைக்காது. இஸ்மாயில் அண்ணன் கூடச் சொன்னார், ஒன்றும் வெட்ட மாட்டேன் என்கிறது என்று. அந்த இடப்பக்கக் கட்டங்களை இவர் கண்ணால் பார்க்கவில்லை. கணக்காலேயே பார்த்திருக்கிறார். படுத்துக்கொண்டிருந்த இரண்டு நாளும் இதைத்தான் செய்துகொண்டிருந்தார் போல.

இவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. காபி போட்டேன்.

"தவளைய எட்துடு. ஒண்ண எட்துட்டு அங்க நான் சொல்றத வெய்யி."

"சொல்லுங்க."

"தானா நகராது. பக்கத்துல நம்ம காய் ஏதாவது இருந்தா அதோட கயிறு கட்டிக்கலாம். அது நகந்தா இதுவும் பின்னாடியே போவும். கட்டி இழுக்கற காய் ஒரு தபாவுக்கு ஒரு கட்டம்தான் போவணும். வேகம் கொறையும் இல்ல?"

"பேரு?"

"பிரேக்டவுன் வண்டி."

எழுதிக்கொண்டேன். அந்தப் பேரை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன், அவருக்குத் தெரிந்திருக்காது, நான் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

"இத வெச்சி ஜெயிக்க முடியுமா?"

"முடியாது. அது வெட்ட முடியாது, செக் குடுக்க முடியாது. வெட்டுப்பட்டாலும் ஆட்டம் நிக்காது." காபியை ஒரு வாய் குடித்தார். "இன்னொரு ரூல் எழுது. ஒம்போதாவது. இழுக்கற காய் எப்ப வேணும்னாலும் கயித்த அவுத்து உட்டுட்டுப் போவலாம்."

"அது வேணாங்க."

"வேணும். அவுக்க முடியலன்னா ரெண்டு காயும் மாட்டிக்கும் வளரு. ஆட்டம்னா அது இருக்கணும்."

"எனக்கு வேணாம்."

"உன்ன யாரு கேட்டது, ஆட்டத்துக்கு வேணும். நாளைக்கி பிரிண்ட் போட்டுக் கொண்டா."


ஜூன் 20, வெள்ளி

நேற்று கடையில் கூட்டம் என்று சாக்கு. இன்று சாக்கு இல்லை.

வல்லம்காரர் வந்து சர்ட்டிபிகேட்டை வாங்கிக்கொண்டார்.

விதிகள் டைப் செய்தேன். ஒன்று முதல் எட்டு வரை, பதினான்கு பாயின்ட் எழுத்தில், காகிதத்தின் வலப்பாதியில். அதுதான் பழக்கமாகிவிட்டது. ஒன்பதை டைப் செய்தேன், அழித்தேன், டைப் செய்தேன். எழுதாமல் விட்டால் பொய். அவர் சொன்ன ஆட்டம் அது.

கடைசியில் ஒன்பதைத் தனியாகப் பிரித்து இடது ஓரத்தில் வைத்தேன். எட்டு பாயின்ட், பொடி எழுத்து. ஹேமா மேடம் எல்லாவற்றையும் இடப்பக்கம் வைக்கச் சொல்லியிருக்கிறாள் அல்லவா, வைத்துவிட்டேன். இவ்வளவு கேவலமான காரியம் நான் செய்ததில்லை. லேமினேட் போட்டபோது அதே ஓரத்தில் ஒரு குமிழ்.

ஐந்தரைக்குக் கொடுத்தேன். வலது கையில் பிடித்து, எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படித்தார். ஒன்று. இரண்டு. நண்டு விதியில் திருத்தம் சொன்னார். எட்டு வரை வந்தார். காகிதத்தை மடியில் வைத்தார்.

அப்பாடா என்று காய் அடுக்க ஆரம்பித்தேன்.

"எட்டுதான் இருக்கு."

"ஆமாங்க."

"ஒம்போது சொன்னேன்."

நான் சோடா மூடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஒம்போது இருக்கணும்" என்றார், என்னிடம் இல்லை. காகிதத்தை எடுத்தார். விரலை எட்டாவது வரியின் தொடக்கத்தில் வைத்து, அங்கிருந்து இடப்பக்கம் தள்ளினார். விரல் போன வழியே தலை திரும்பியது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். கழுத்து நரம்பு தெரிந்தது. தலை முழுதாக இடப்பக்கம் திரும்பி, விரல் அந்தக் குமிழில் போய் நின்றது.

யாரும் சிவப்பு டேப் காட்டவில்லை. யாரும் திருப்பச் சொல்லவில்லை.

"கயிற்றை எப்போது வேண்டுமானாலும் அவிழ்த்துவிடலாம்" என்று படித்தார். பிறகு, தலை அந்தப் பக்கமே இருந்ததால், அங்கே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். பங்குனிக்குப் பிறகு இடப்பக்கத்தில் என்னைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"சின்ன எழுத்தா போட்டிருக்க."

"எடம் இல்லங்க."

"சரி. ஆடு."

ஹேமா மேடத்துக்குப் போன் செய்ய வேண்டும். தானாகவே இடப்பக்கம் திரும்பினார் என்றால் குதிப்பாள். எதைத் தேடித் திரும்பினார் என்று கேட்பாள்.